ஏணியைப் பிடித்த கை

மார்ச் 4

நாத்தனாருக்கு,

அன்று பல் டாக்டர் வீட்டு மாடி அறையில் இருந்தவர்கள் இவர்கள். ஏணி மேல் நான். ஏணிக்குக் கீழே நீ. தைத்த திரைகளை வண்டியிலிருந்து இறக்கி வந்து, அந்தக் களைப்பில் சோபாக் கைப்பிடியில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்த என் மகன். பால்கனிக் கதவுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்த பெயிண்டர். இடுப்பில் கை வைத்து நடு அறையில் நின்று நம்மை மேய்த்துக்கொண்டிருந்த பல் டாக்டரின் மனைவி. பல் டாக்டர் கீழே யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார், அவரைச் சேர்க்க வேண்டாம்.

இதை ஏன் முதலிலேயே எழுதுகிறேன் என்றால், பிறகு நீ “யார் பார்த்தார்கள்” என்று கேட்கக் கூடாது.

எனக்கு மறதி கிடையாது. உனக்கே தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது, அதனால் எழுதி வைத்துக்கொள்கிற பழக்கம் வரவில்லை. எல்லாவற்றையும் தலையிலேயே வைத்துக்கொண்டேன். அன்று கடைசி ஜன்னல். வான நீலத் திரை. இடது கோடியில் ஒரே ஒரு கொக்கி பாக்கி. அண்ணாந்து அதை மாட்டப் போனேன். ஏணி நகர்ந்தது.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். திரை தைக்கிற வேலையை நாம் தொடங்கிய நாளிலிருந்து நான் மேலே, நீ கீழே. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது குனிந்து, நீ பிடித்திருக்கிறாயா என்று நான் பார்த்திருக்கிறேனா? பார்க்க வேண்டியதே இல்லை. நீ பிடித்திருந்தால் மரப்படி ஒரு மாதிரி இறுகி நிற்கும். அது உள்ளங்காலுக்குத் தெரியும். நீ தும்மினால்கூட எனக்குக் காலில் கேட்கும். அன்று அந்த இறுக்கம் போனது. என் கால் சொன்னதைத்தான் என் வாய் சொன்னது. “விட்டுட்டா. ஏணியை விட்டுட்டா.”

வலியில் ஏதோ உளறினேன் என்று என் மகன் சமாளித்துப் பார்க்கிறான். வலியில் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். டாக்டர் மனைவியும், “ஆமா, நானும் பாத்தேன், கையை எடுத்துட்டாங்க” என்றாள். படித்த பெண். பதறாமல் நிதானமாகச் சொன்னாள். அவளுக்கு உன்மேல் என்ன பகை இருக்க முடியும்?

நீதான் ஒரு வார்த்தை பேசவில்லை. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு நான் வீடு திரும்பினால் உன் பெட்டியும் இல்லை, நீயும் இல்லை. யாரோ உன் பள்ளித் தோழி நடத்துகிற பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாய் என்று மகன் சொன்னான். போனில் கூப்பிடவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். போனில் பேசினால் ஒன்று நீ அழுவாய், இல்லையென்றால் நான் பாதியில் வைத்துவிடுவேன். கடிதத்தில் இரண்டும் முடியாது.

ஒன்றே ஒன்று எழுதி அனுப்பு. “ஆமாம் அண்ணி, கையை எடுத்தேன்” என்று எழுது. எதற்கு எடுத்தாய் என்றுகூடக் கேட்கமாட்டேன். மூக்கு அரித்திருக்கும். அது போதும் எனக்கு.

இப்படிக்கு,
உன் அண்ணி

உன் கத்தரிக்கோலை எடுக்காமல் போயிருக்கிறாய். யாரையும் தொடவிடவில்லை. என் வேலை ஏப்ரனில் கொக்கி போட்டு வைக்கிற பை மட்டும் பிய்ந்து காணாமல் போய்விட்டது. கொக்கியோடு சேர்த்து அந்த டாக்டர் வீட்டில் பெருக்கி அள்ளியிருப்பார்கள்.


மார்ச் 11

அண்ணிக்கு,

மூக்கு அரிக்கவில்லை.

நீங்கள் கையை நீட்டிப் பிடித்துத்தான் படிப்பீர்கள், கண்ணாடியைத் தேடமாட்டீர்கள். அதனால் பெரிய எழுத்தாக எழுதுகிறேன். நான்கு பக்கம் ஆகும். ஒரு பக்கத்தில் நிறுத்திவிட வேண்டாம்.

என் கை ஏணியில்தான் இருந்தது. ஏணி விளிம்பு பதிந்த தடம் மறுநாள் குளிக்கும்போதும் உள்ளங்கையில் இருந்தது. நீங்கள் கீழே பார்ப்பதில்லை என்பது சரி. நான் மேலே பார்ப்பேன், அது உங்களுக்குத் தெரியாது. என் பாதி ஆயுள் உங்கள் முகவாய்க்கட்டையைக் கீழேயிருந்து பார்த்தே போயிருக்கிறது. கொக்கி சரியாக விழுந்தால் அது எப்படி நிமிரும், துணி மக்கர் செய்தால் எப்படிக் கோணும் என்று எனக்குத் தெரியும். அன்றும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணாந்தீர்கள். உடனே உங்கள் கண்கள் ஆட ஆரம்பித்தன. வேகமாக ஏதோ படிக்கிறவர்களுடைய கண்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடின. படிக்க அங்கே ஒன்றும் இல்லை, வெள்ளைக் கூரைதான். “அண்ணி” என்று கூப்பிட்டேன். யாரோ இடது பக்கமிருந்து இழுத்த மாதிரி சாய்ந்தீர்கள். ஏணி நகரவில்லை. நீங்கள்தான் நகர்ந்தீர்கள்.

இது அன்றைக்கு மட்டும் நடந்ததும் இல்லை. ஜனவரியிலிருந்து நீங்கள் காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஒரு நாள் மேல் அலமாரியிலிருந்து நூல் டப்பாவை எடுக்கப் போய், எடுக்காமல், அலமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றீர்கள். “என்ன அண்ணி?” என்று கேட்டேன். “செருப்பு வழுக்குது” என்றீர்கள். அன்று உங்கள் காலில் செருப்பே இல்லை. நான் திருப்பிக் கேட்கவில்லை. அதுதான் என் தப்பு. ஏணியில் ஏற வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன கிடைத்திருக்கும் என்று உங்களுக்கும் தெரியும்.

என்னைக் கேட்டிருக்கலாம். தரையில் கிடந்தபடியே, “என்ன ஆச்சு?” என்று ஒரு வார்த்தை. நான் பக்கத்தில்தான் மண்டியிட்டிருந்தேன், உங்கள் தலை என் மடியில் இருந்தது. என் மடியில் தலையை வைத்துக்கொண்டு என்னை மற்றவர்களிடம் காட்டிக்கொடுத்தீர்கள்.

விடுதியில் எனக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. பெண்கள் ஏறி இறங்குகிற சத்தத்திலேயே யார் எவள் என்று சொல்லிவிடுகிறேன். குதிகாலைத் தேய்ப்பவள், இரண்டு இரண்டு படியாகத் தாவுபவள், பாதியில் நின்று போன் பேசுபவள். துணைக்கண்காணிப்பாளராக நிரந்தரமாக இருந்துவிடச் சொல்கிறார்கள். ஏப்ரல் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இங்கே ஏணி இல்லை. அது ஒரு நிம்மதி.

உங்கள் நாத்தனார்


மார்ச் 17

நாத்தனாருக்கு,

நான்கு பக்கமும் படித்தேன். நடுவில் ஒரு தடவை கடாசிவிட்டு மறுபடி எடுத்துப் படித்தேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேனாம். என் வீட்டுச் சுவர். நான் பிடிக்காமல் வேறு யார் பிடிப்பார்கள்? கண் ஆடியதாம். என் கண்ணை நீ என்ன கீழேயிருந்து தூரதிருஷ்டிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாயா? உனக்குக் கிட்டப் பார்வைதான் கூர்மை என்று உலகத்துக்கே தெரியும். ஊசியில் நூல் கோப்பவள் நீ, கோடியில் போகிற பஸ்ஸின் எண்ணைப் படிப்பவள் நான். துணியைக் கிழிக்கிற சத்தத்தை வைத்து நீ ரகம் சொல்வாய், விரலால் தடவி நான் சொல்வேன். “உங்க ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆள் தேறும்” என்று உன் அண்ணன் சிரிப்பார். அந்த மனுஷன் போனதும் நல்லதுதான், இதையெல்லாம் பார்க்காமல்.

மறதி இல்லை என்று சொன்னேனே, கேட்டுக்கொள். என் மகன் பிறந்த வருஷம் என் பச்சை ஸ்வெட்டரைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, முழ உயரத்துக்குச் சுருக்கினாய். கேட்டதற்கு, “விடுங்க அண்ணி, குழந்தைக்கு ஆச்சு” என்றாய். வெல்வெட் துணியை முகப்புப் பக்கம் இஸ்திரி போட்டு வழுக்கையாக்கினாய். கடைக்கு வந்த புதுப் பெண்ணிடம் என் வயசை இரண்டு கூட்டிச் சொன்னாய். ஒன்றுக்குக்கூட “ஆமாம், நான்தான்” என்று நீ ஒத்துக்கொண்டதில்லை. இதற்கும் மாட்டாய்.

இங்கே வீடு வீடாக இல்லை. மருமகள் நூல் கோத்துத் தருகிறாள், பாவம், ஒரு முழ நூலைக் கோக்கிறாள், இரண்டு தையலுக்குள் சிக்குகிறது. மகன் எனக்குப் புதுக் கட்டில் வாங்கினான். கால் நாலும் நாலு அளவு. விடிகாலையில் இடது பக்கம் திரும்பினால் படகு மாதிரி ஒரு சுற்று சுற்றுகிறது. கட்டிலின் ஒரு காலுக்கு அட்டை வைக்கச் சொன்னேன். பிறகு இன்னொரு காலுக்கு. அவன் அதில் தானே படுத்து உருண்டு பார்த்துவிட்டு, “ஆடவே இல்லையேம்மா” என்கிறான். அவனுக்கு எது ஆடியிருக்கிறது, சொல்லு. பொத்தான் டப்பாவை எடுக்க அண்ணாந்தால் அலமாரி என் மேல் வருகிறது. ஆணி எல்லாம் தளர்ந்துபோயிருக்கிறது, ஆளைக் கூப்பிடு என்று சொல்லியிருக்கிறேன்.

நீ போனதிலிருந்து இந்த வீட்டில் எதுவும் ஒரு இடத்தில் நிற்பதில்லை.

உன் தோழியிடம் என்ன பதில் சொல்வது என்பது உன் இஷ்டம். ஆனால் ஒன்று. கண் ஏமாறலாம். காது ஏமாறலாம். என் உள்ளங்கால் என்னிடம் பொய் சொன்னதில்லை. கை ஏணியில் இல்லை. இல்லைதான்.

உன் அண்ணி


மார்ச் 21

அன்புள்ள அண்ணி,

இதை அவசரமாக எழுதுகிறேன். விடுதிப் பெண் ஒருத்தி உங்கள் ஊர்ப் பக்கம் போகிறாள், அவளிடமே கொடுத்தனுப்புகிறேன்.

கட்டில் சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு காலும் தரையில் இருக்கிற கட்டில். அதை யார் பிடித்திருந்தார்கள், யார் விட்டார்கள்? அலமாரியை யார் விட்டார்கள்? இடது பக்கம் திரும்பினாலும் அண்ணாந்தாலும் மட்டும்தான் இது வருகிறதா? உட்கார்ந்திருக்கும்போது வருகிறதா? குமட்டுகிறதா? தயவுசெய்து காது டாக்டரிடம் போங்கள். கண் டாக்டர் இல்லை, எலும்பு டாக்டர் இல்லை, காது. இங்கே கணக்கு டீச்சர் ஒருவர் இப்படித்தான் கரும்பலகை முன்னால் விழுந்தார், காதில்தான் கோளாறு என்றார்கள். என் மேல் கோபத்தோடேயே போங்கள், பரவாயில்லை. ஆனால் ஆணி அடிக்கிறவனைக் கூப்பிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன கடிதத்தில் சொல்லாமல் விட்டேன்.

உங்கள் உள்ளங்கால் பொய் சொல்லவில்லை. என் வலது கை ஏணியை விட்டுப் போனது.

நீங்கள் சாய்ந்த பிறகு. சாய்ந்ததைப் பார்த்ததும் இடது கையால் ஏணியை அமுக்கிக்கொண்டு, வலது கையை மேலே வீசினேன், உங்களைப் பிடிக்க. எட்டிப் பிடித்தது உங்கள் ஏப்ரன் பையைத்தான். ஒரு நொடி உங்கள் கனம் முழுவதும் என் கையில் இருந்தது அண்ணி. உங்களை நிறுத்திவிட்டேன் என்றே நினைத்தேன். அப்புறம் பை பிய்ந்து என் கையோடு வந்தது. உங்கள் தலை தரையில் மோதாமல் என் மேல் விழுந்தது அதனால்தான்.

“பைக்கு ரெட்டைத் தையல் போடுங்க அண்ணி, கொக்கி கனம் தாங்காது”ன்னு எத்தனை தடவை சொன்னேன். “ஒத்தைத் தையல் போதும், போடீ”ன்னீங்க.

அதை ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று கேட்பீர்கள். “வலது கையை எடுத்தேன்” என்று எழுதினால், உங்களுக்கு அந்த ஒரு வரி மட்டும்தான் கண்ணில் படும் என்று பயந்தேன். மடித்து எல்லோரிடமும் காட்டுவீர்கள் என்று பயந்தேன். உங்களுக்கு வேண்டியது அந்த வரிதானே.

பை என் பெட்டியில் இருக்கிறது. பெருக்கி அள்ளிவிடவில்லை.

டாக்டரிடம் போங்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 2

ஊசிக்கு,

இந்தப் பேரில் உன்னைக் கூப்பிட்டுப் பல நாள் ஆகிவிட்டது. ஊசியில் நூல் கோப்பதாலா, உன் வாயாலா, எதனால் இந்தப் பேர் வந்தது என்று உன் அண்ணனுக்குத்தான் தெரியும்.

போனேன். நீ சொன்னதற்காகப் போகவில்லை. உன் கடிதத்தை மருமகள் படித்துவிட்டாள். அவளும் மகனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மாவுக்கட்டும் அன்றே பிரித்துவிட்டார்கள். கை வற்றிப்போய் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது.

காது டாக்டர் ஒரு சின்னப் பெண். என் பேத்திக்கு அக்கா என்று சொல்லலாம். ஏதாவது மிஷினை மாட்டுவாள் என்று பார்த்தால், ஒரு மிஷினும் இல்லை. என்னைப் படுக்கையில் நீளவாட்டில் உட்கார வைத்தாள். மகனைப் பின்னால் நிற்க வைத்து என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். தலையை இடது பக்கம் திருப்பினாள். “பாட்டி, தலையை என் கையில விட்டுடுங்க, கண்ணை மட்டும் மூடாதீங்க” என்றாள். சட்டென்று மல்லாத்திவிட்டாள், தலை படுக்கைக்கு வெளியே தொங்குகிற மாதிரி.

ஊசி, அதை எப்படி எழுதுவேன். அறை கழன்றுபோனது. விளக்கு, ஜன்னல், அவள் முகம் எல்லாம் ஒரே பக்கமாக ஓடுகிறது, ஓடி முடிகிறதில்லை. நான் படுக்கை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். “விட்டுட்டான். என்னை விட்டுட்டான்.”

“பிடிச்சுக்கிட்டுதான்மா இருக்கேன்” என்கிறான்.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் நின்றது. பார்த்தேன். அவன் இரண்டு கையும் என் இரண்டு தோளிலும் இருந்தன. விரல் பதிகிற மாதிரி பிடித்திருந்தான். அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் நினைத்தது ஒரே ஆளைத்தான்.

என் கண்ணை அந்தப் பெண் போனில் படம் எடுத்திருந்தாள். காட்டினாள். வெறும் சுவரில் யாரோ ஓட்டமாகப் படிக்கிற மாதிரி. நீ எழுதியிருந்தாயே, அதேதான்.

காதுக்குள் சுண்ணாம்பு மாதிரி பொடித் துகள்கள் இருக்குமாம். எல்லோருக்கும் உண்டாம். தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடம்புக்குச் சேதி சொல்வது அதுதானாம். எனக்கு அதில் கொஞ்சம் இடம் பெயர்ந்து, போகக் கூடாத குழாய்க்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அண்ணாந்தால் உருளுகிறது. அது உருண்டால் உடம்பு, நாம்தான் சுற்றுகிறோம் என்று நம்பிவிடுகிறது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, கடைசியில் குப்புறச் சாய்த்து, அதை வந்த வழியே அனுப்பினாள். இரண்டாவது தடவை போனபோது சுற்றல் நின்றுவிட்டது. இப்போது கட்டில் கட்டிலாக இருக்கிறது. அட்டையை எல்லாம் எடுத்தாயிற்று.

நான் விடவில்லை. “அப்ப என் காலு? அது சொன்னது?” என்று கேட்டேன்.

“காலு சரியாத்தான் சொல்லியிருக்கும் பாட்டி. கண்ணு, காது, காலு மூணும் ஒரே சேதியைச் சொன்னாத்தான் நாம நிப்போம். ஒண்ணு மாத்திச் சொன்னாலும் உடம்புக்கு எதை நம்புறதுன்னு தெரியாது.”

வண்டியில் வரும்போது முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். முதலில் காது பொய் சொன்னது. அதற்குப் பிறகு கால் உண்மை சொன்னது. இரண்டையும் முன்னுக்குப் பின்னாக முடிச்சுப் போட்டு வாய் உளறியது.

மன்னிப்பு என்று எழுத எனக்கு வராது. மூன்றாம் வகுப்பு வரை அந்தப் பாடம் வரவில்லை. உன் கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. புறப்பட்டு வா.

அண்ணி


ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணி,

மூன்றாம் வகுப்புப் பாடத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். உடனே சிரித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது. நீங்கள் இப்படித்தான், எழுத்தில்கூட ஆளைச் சிரிக்க வைத்துவிட்டு நகர்ந்துவிடுவீர்கள்.

சுற்றல் நின்றதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்றே தெரியாமல் இருந்தேன்.

ஆனால் வர முடியவில்லை அண்ணி.

உங்கள் காதில் இருந்ததை அந்த டாக்டர் தலையைச் சாய்த்து வழியனுப்பிவிட்டார். என் காதில் இருப்பதை யார் சாய்த்துக் கொட்டுவது? இங்கே பெண்கள் நாள் முழுவதும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பஸ்ஸை விட்டுட்டா, வகுப்பை விட்டுட்டா, அவனை விட்டுட்டா. ஒவ்வொரு ‘விட்டுட்டா’வுக்கும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். அவர்கள் குரலில் கேட்பதில்லை, உங்கள் குரலில்தான் கேட்கிறது. ராத்திரி கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு தூங்கினால், உங்கள் கனம் அதில் வந்து, பிய்ந்து போகிறது. அது எத்தனை கனம் என்று என் கைக்கு மறக்கவில்லை.

நான் நூல் கோப்பேன், கத்தரிப்பேன், தைப்பேன். ஆனால் நான் செய்த வேலை அதெல்லாம் இல்லை. உங்களைப் பிடித்துக்கொண்டிருந்ததுதான். ஏணியை விட்டவள் என்று ஒரு வீட்டில் பேரெடுத்தவளை, வேறு எந்த வீட்டில் ஏணி பிடிக்கச் சொல்வீர்கள்?

நீங்கள் எனக்கு எழுதியது எனக்குப் போதும். என் பேருக்குப் போதாது. எங்கே சொன்னீர்களோ அங்கே, யார் யார் இருந்தார்களோ அவர்கள் முன்னால், வாயால் சொல்ல வேண்டும். நான் அங்கே இருக்க மாட்டேன். என்னைப் பார்த்தால் நீங்கள் கேலி பேசித் தப்பித்துவிடுவீர்கள்.

உங்களால் முடியாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பதினைந்தாம் தேதி தோழிக்கு “சரி” என்று சொல்லிவிடுவேன்.

பையை எடுத்து வெளியே வைத்திருக்கிறேன். இன்னும் தைக்கவில்லை.

ஊசி


ஏப்ரல் 12

என் ஊசிக்கு,

நேற்று பல் டாக்டர் வீட்டு மாடி அறையில் இருந்தவர்கள் இவர்கள். நான். என் மகன். பெயிண்டர், அவன் வேறு எங்கேயோ வேலையில் இருந்தான், மகன் வண்டியில் போய் வர்ண டப்பாவும் கையுமாகக் கூட்டி வந்தான். பல் டாக்டரின் மனைவி. இந்தத் தடவை பல் டாக்டரையும் மேலே கூப்பிட்டேன். “என் நாத்தனாரைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும், வாயைத் திறக்கப் போறது நான்தான், நீங்க வெறுமனே நின்னா போதும்” என்றேன். வந்தார்.

அந்த நீலத் திரை ஒரு கொக்கி இல்லாமல் இடது மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்கவே அசிங்கமாக இருந்தது.

சொன்னேன். “அன்னைக்கு என் நாத்தனா ஏணியை விட்டுட்டான்னு நான் சொன்னது தப்பு. என் காதுல கோளாறு, நான்தான் சாஞ்சேன். அவ கையை எடுத்தது என்னைப் பிடிக்க. பிடிச்சா. நான் தச்ச தையல்தான் தாங்கலை.” இவ்வளவுதான் சொன்னேன். கேலி எதுவும் பேசவில்லை. மகனைக் கேள்.

உடனே பெயிண்டர், “இதைத்தானே நானும் சொன்னேன்” என்றான்.

“யாரு கிட்ட சொன்ன?” என்றேன்.

“இவங்ககிட்டதான். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன உடனே. உங்க நாத்தனா உங்க பையைப் பிடிச்சுத் தொங்குனதைப் பாத்தேன், பை கிழிஞ்சுதான் விழுந்தாங்கன்னு சொன்னேன். சரி சரி, பெயிண்ட் காயறதுக்குள்ள முடின்னாங்க.”

நான் டாக்டர் மனைவியைப் பார்த்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை, கலங்கவும் இல்லை. “பெரியவங்க நீங்க வலியோட ஒண்ணு சொல்றீங்க. அந்த நேரத்துல இல்லைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? உங்களுக்கு ஆறுதலா இருக்கட்டும்னுதான் ஆமான்னேன். நான் எங்கே பாத்தேன், நான் திரையோட நீளத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றாள். அதே நிதானம்.

பார்க்கவே இல்லை, ஊசி. ஆறுதலுக்காகச் சொன்னாளாம்.

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தேன். தொடங்கின வேலையைப் பாதியில் விட்டு வருகிற வழக்கம் நமக்கு இல்லை. மகனை ஏணியில் ஏறச் சொன்னேன். நான் ஏறக் கூடாது என்று அந்தக் காதுப் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். நான் கீழே நின்று பிடித்தேன். ஒரு நல்ல கை, ஒரு வற்றின கை.

இத்தனை வருஷத்தில் நான் ஏணி பிடித்தது அதுதான் முதல் தடவை.

அவன் ஒரு படி ஏறினால் கனம் என் இடது கைக்கு வருகிறது. அடுத்த படிக்கு வலது கைக்குப் போகிறது. அவன் கையைத் தூக்கினால் தெரிகிறது, எட்டினால் தெரிகிறது, கொக்கி வளையத்தில் விழாமல் அவன் மூச்சை இழுத்தது எனக்கு உள்ளங்கையில் தெரிந்தது. நீ கீழே நிற்கிறாய் என்று மட்டும்தான் என் காலுக்குத் தெரிந்திருந்தது. மேலே இருக்கிறவளுடைய உடம்பு முழுவதும் உன் கையில் இருந்திருக்கிறது. நான் பசித்திருந்தது, உன் அண்ணன் இறந்த வருஷம் நான் மேலே நின்று சத்தமில்லாமல் அழுதது, எல்லாம் உனக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. நீ ஒரு நாளும் சொல்லவில்லை.

என் மகன் ஒரு தடவைகூடக் குனிந்து என்னைப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்புறம்தான் யாரிடமிருந்து அதைக் கற்றான் என்று உறைத்தது.

இனி இப்படிச் செய்வோம். நீ ஏறு. நான் பிடிக்கிறேன். உயரம் என்றால் உனக்கு நடுக்கம் என்று தெரியும். முதலில் ஒரு படி மட்டும் ஏறி நில். நான் கீழே இருப்பது உன் காலுக்குத் தெரியும்வரை ஏற வேண்டாம். தெரியும். எத்தனை தடவை வேண்டுமானாலும் குனிந்து பார்த்துக்கொள், நான் மேலேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். உன் முகவாய்க்கட்டை கீழேயிருந்து எப்படி இருக்கும் என்று நானும் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

மகன் பதினாலாம் தேதி காலையில் வண்டியோடு விடுதி வாசலில் நிற்பான். உன் தோழிக்கு என் வணக்கத்தைச் சொல். பையை மறக்காமல் எடுத்து வா. இரட்டைத் தையல் போடு, மூன்று போட்டாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். மருமகளுக்கு நூல் எத்தனை நீளம் கோக்க வேண்டும் என்று நீயே சொல்லிக்கொடு, நான் சொன்னால் அழுகிறாள். உன் கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

என் மகன் அன்று வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தானே, அவனை மன்னித்துவிட்டேன். அவன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பெயிண்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னான், அவன்மேல் குற்றமில்லை. காதை மன்னித்தாயிற்று, வயசான காது, அதற்கு வேறு என்ன வேலை. என் வாயை நீதான் மன்னிக்க வேண்டும், அது உன் பாடு. பச்சை ஸ்வெட்டர் தனி வழக்கு. அதை நீ வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னவள். பார்த்தவன் வந்து சொன்ன பிறகும், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று உன்னை என்னிடமிருந்து ஒன்றரை மாதம் பிரித்து வைத்தவள்.

பல் டாக்டரின் மனைவி.